பட்டியலில் பிறந்தவர்கள்: 'டெல்லி க்ரைம்' தொடரும் குற்றப் பரம்பரைச் சட்டமும்

2022 ஆகஸ்ட் 26 அன்று 'டெல்லி க்ரைம்' தொடரின் இரண்டாவது சீசன் நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. அதற்கு ஐந்து நாள் கழித்து, ஆகஸ்ட் 31 அன்று, குற்றப் பரம்பரைச் சட்டம் நீக்கப்பட்டு 70 ஆண்டுகள் நிறைந்தன. அந்த நாளை வட மாநிலங்களில் 'விமுக்தி திவஸ்' என்று, விடுதலை நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். தொடர் பேசுவதும் அந்தச் சட்டத்தின் கீழ் வதைபட்ட மக்களைப் பற்றித்தான். எனவே இந்தத் தொடரை ஒரு திரில்லராகப் பார்த்து முடித்துவிட்டு நகர்ந்துவிடாமல், வரலாற்றோடு சேர்த்து வாசிக்கலாம் என்று நினைக்கிறோம்.

முடிவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. இன்னும் பார்க்காத தோழர்கள் பார்த்துவிட்டு வந்தும் படிக்கலாம். மொத்தம் ஐந்தே எபிசோடுகள்.

டெல்லியில் வசதியானவர்களின் வீடுகளில் முதியவர்கள் கொடூரமாகக் கொல்லப்படுகிறார்கள். கொலையாளிகள் உள்ளாடை மட்டும் அணிந்து, முகத்தை மூடி, உடம்பில் எண்ணெய் பூசிக்கொண்டு வருகிறார்கள். பார்த்ததுமே காவல்துறைக்கு ஒரு பெயர் நினைவுக்கு வருகிறது: 'கச்சா பனியன்' கும்பல். அந்தப் பெயரோடு சேர்த்தே ஒரு சமூகமும் நினைவுக்கு வருகிறது. துணை ஆணையர் வர்த்திகா சதுர்வேதியின் குழுவுக்கு உதவ, இந்தக் கும்பல்களைப் பற்றி எல்லாம் தெரிந்தவர் என்று பெயரெடுத்த ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் அழைக்கப்படுகிறார். அவருடைய 'அனுபவம்' என்பது, இந்த மக்கள் பிறவியிலேயே திருடர்கள் என்ற நம்பிக்கைதான். குடிசைப் பகுதிக்குள் காவல்துறை புகுகிறது. ஆண்கள் கூட்டமாக அள்ளிச் செல்லப்படுகிறார்கள். உண்மையில் கொலை செய்தவர்கள் அந்தச் சமூகத்தினர் அல்ல. அழகு நிலையத்தில் வேலை செய்யும், சொந்தமாக ஒன்று தொடங்க வேண்டும் என்ற கனவோடு இருக்கும் ஒரு பெண்ணும் அவளுடைய கூட்டாளிகளும் பழைய கும்பலின் பாணியைக் காப்பியடித்திருக்கிறார்கள்.

இந்தக் கதைத் திருப்பத்தைப் பலரும் பாராட்டினார்கள். பாராட்ட வேண்டியதுதான். சந்தேகம் தவறு என்று ஒரு பெரிய தளத்தில் வரும் போலீஸ் கதை ஒப்புக்கொள்வது சின்ன விஷயமல்ல. ஆனால் தொடர் கேட்கும் கேள்வி, 'இவர்கள் செய்தார்களா, இல்லையா?' என்பது. அதற்கு 'இல்லை' என்று பதில் சொல்லி முடித்துவிடுகிறது. வரலாறு கேட்கும் கேள்வி வேறு: இவர்களைத் தேர்ந்தெடுத்த பட்டியலை எழுதியது யார்? சட்டம் போன பிறகும் அது யாருடைய கையில் இருக்கிறது?

கதை முதலில் வந்தது, சட்டம் பிறகு

இந்த சீசனின் கரு, டெல்லியின் முன்னாள் காவல் ஆணையர் நீரஜ் குமார் எழுதிய 'காக்கி ஃபைல்ஸ்' நூலிலிருந்து எடுக்கப்பட்டது. போலீஸ் அதிகாரியின் நினைவிலிருந்து குற்றக் கதை பிறப்பது நம் நாட்டில் புதிதல்ல. ஏறக்குறைய இருநூறு ஆண்டு வழக்கம் அது.

1830களில் வில்லியம் ஸ்லீமன் என்ற ஆங்கிலேய அதிகாரி 'தக்கீ' எனப்பட்ட வழிப்பறிக் கும்பல்களை ஒழிக்கும் பணியை நடத்தினார். 1836ஆம் ஆண்டின் சட்டம், ஒருவர் தக் கும்பலைச் சேர்ந்தவர் என்றாலே ஆயுள் தண்டனை கொடுக்கலாம் என்றது. அவர் யாரை, எப்போது, எங்கே கொன்றார் என்று நிரூபிக்க வேண்டிய அவசியம் இல்லை. மூன்று ஆண்டு கழித்து, 1839இல், பிலிப் மெடோஸ் டெய்லர் என்ற அதிகாரி 'ஒரு தக்கின் வாக்குமூலம்' என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கில நாவல் எழுதினார். இங்கிலாந்தில் அதற்கு ஏகப்பட்ட வரவேற்பு. இந்தியாவில் கொலையும் கொள்ளையும் பரம்பரைத் தொழிலாக நடக்கின்றன என்ற எண்ணம், அந்த வாசகர்கள் மனதில் கதையாகப் பதிந்தது. சட்டமாக விரிந்தது அதற்கும் பிறகுதான்.

1862இல் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் அடிப்படை எளிமையானது: ஒருவர் செய்த செயலுக்குத் தண்டனை. பத்து ஆண்டுகூட முடியவில்லை. 1871இல் அதே அரசு, அந்த அடிப்படைக்கு நேர் எதிரான இன்னொரு சட்டத்தைக் கொண்டுவந்தது. அதுதான் குற்றப் பரம்பரைச் சட்டம். அதற்குச் சொல்லப்பட்ட வாதத்தை நாம் கவனமாகப் படிக்க வேண்டும். இந்தியாவில் தச்சர் மகன் தச்சர், நெசவாளர் மகன் நெசவாளர். சாதிதான் தொழிலைத் தீர்மானிக்கிறது. அப்படியானால் திருடர் மகன் திருடராகத்தானே இருப்பான்? வருணாசிரமம் சொல்லும் பிறப்புக் கணக்கை ஆங்கிலேய அதிகாரி அப்படியே எடுத்துக் குற்றவியல் சட்டமாக எழுதினார். வெள்ளைக்காரன் கண்டுபிடித்த கொடுமை என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாத இடம் இது. அவனுக்குத் தர்க்கத்தைக் கொடுத்தது சாதி.

அண்ணல் அம்பேத்கர் இதைத் தெளிவாகப் பார்த்தார். 1948இல் வெளியான 'தீண்டப்படாதவர்கள்' நூலின் முன்னுரையில், இந்து நாகரிகம் உண்டாக்கிய மூன்று வகுப்பினரை அவர் ஒன்றாக வைக்கிறார்: குற்றப் பரம்பரையினர், பழங்குடிகள், தீண்டப்படாதவர்கள். மூன்றையும் ஒரே கணக்கில் வைத்து, இப்படிப்பட்ட வகுப்புகளை உண்டாக்கிய ஒன்றை நாகரிகம் என்று எப்படி அழைப்பது என்று அவர் எழுப்பிய கேள்வி இன்றும் நம் முன் நிற்கிறது.

சட்டம் என்ன செய்தது?

1871 சட்டம் முதலில் வட இந்தியப் பகுதிகளுக்கு வந்தது. 1876இல் வங்காளத்துக்கு நீண்டது. 1911இல் சென்னை மாகாணம் உட்பட நாடு முழுவதற்கும் விரிந்தது. 1924இல் எல்லாத் திருத்தங்களையும் சேர்த்து ஒரே சட்டமாக்கினார்கள். 1871 சட்டத்தின் இரண்டாம் பகுதி திருநங்கையரையும் பதிவேட்டில் ஏற்றியது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அது செயல்பட்ட விதம் இதுதான். ஒரு சமூகத்தை அரசு 'குற்றப் பரம்பரை' என்று கெஜட்டில் அறிவிக்கும். அந்த அறிவிப்பு சரியா, தவறா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. பிறகு மாவட்ட நிர்வாகம் அந்தச் சமூகத்தினரின் பெயர்களைப் பதிவேட்டில் ஏற்றும். பதிவானவர் இருப்பிடத்தை மாற்றினால் தெரிவிக்க வேண்டும். ஊரைவிட்டுப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். குறித்த நேரத்தில் ஆஜர் கொடுக்க வேண்டும். தமிழகத்தில் மக்கள் இதை 'ரேகைச் சட்டம்' என்றே அழைத்தார்கள். விரல் ரேகை வைப்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த சட்டம். 1897 திருத்தம், நான்கு வயதிலிருந்து பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைக்கவும் வழி செய்தது.

பதிவானவர் ஒருவர் சந்தேகத்துக்கிடமான சூழலில் ஓர் இடத்தில் இருந்தாலே, திருடப் போகிறார் என்று தண்டிக்க முடிந்தது. நின்றதே குற்றம். தான் நிரபராதி என்று ஒவ்வொரு நாளும் நிரூபிக்க வேண்டிய கடமை அந்த மக்களின் தலையில் விழுந்தது. 'டெல்லி க்ரைம்' தொடரில் கடைசியில் அவர்கள் நிரபராதிகள் என்று தெரியவரும்போது நமக்கு வரும் நிம்மதி, இந்த இடத்தில்தான் கசக்கிறது. 81 ஆண்டுகள் சட்டம் அவர்களிடம் கேட்டதும் அதே நிரூபணத்தைத்தான்.

எதிர்ப்பு எழாமல் இல்லை. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மறுத்த மக்கள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் உயிரிழந்தார்கள்.

பட்டியலுக்குள் ஒளிந்திருக்கும் தொழில்

சீர்மரபினர் என்று இன்று அழைக்கப்படுவோரின் பட்டியலைத் தமிழக அரசு வைத்திருக்கிறது. அதில் குறவர் சமூகத்தின் உட்பிரிவுகள் வரிசையாக வரும். உப்புக் குறவர், சேலம் உப்புக் குறவர், இஞ்சிக் குறவர் என்றெல்லாம் பெயர்கள் உண்டு. கொஞ்சம் நிறுத்தி அந்தப் பெயர்களைப் படித்துப் பாருங்கள். உப்பும் இஞ்சியும் குற்றத்தின் பெயர்களா? அவை பண்டங்கள்.

வரலாற்றாசிரியர் மீனா ராதாகிருஷ்ணா சென்னை மாகாணத்துக் குறவர்களைப் பற்றி விரிவாக ஆராய்ந்திருக்கிறார். கடற்கரையிலிருந்து உப்பை ஏற்றி உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, அங்கிருந்து தானியம் வாங்கிவந்த நாடோடி வணிகர்கள் அவர்கள். சாலை இல்லாத ஊர்களுக்கும் சரக்கு போனது அவர்களால்தான். 1856இல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கியது. அதன்பின் ரயில் பாதைகள் பெருகப் பெருக, பொதிசுமந்த வணிகம் சுருங்கியது. அரசின் உப்புக் கொள்கை மிச்சமிருந்ததையும் பறித்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம் மேலும் முறித்தது. காடுகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு மேய்ச்சலும் போயிற்று. வண்டியும் பாரமுமாய் ஊர் ஊராய்ப் போனவர்கள், ஊரில் வேலையில்லாமல் 'சுற்றித் திரிபவர்கள்' ஆனார்கள். அரசு அவர்களுடைய பிழைப்பைப் பறித்தது. பிறகு பிழைப்பில்லாதவர்கள் என்பதையே குற்றத்துக்குச் சான்றாகக் காட்டியது.

இங்கேதான் சாதியும் வர்க்கமும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. பட்டியலில் ஏற்றப்பட்டவர்களை அடைத்துவைக்கக் 'குடியேற்றங்கள்' உருவாயின. செட்டில்மெண்ட் என்றால் முதியவர்களுக்கு இன்றும் புரியும். அன்றைய சென்னை மாகாணத்தில், இன்றைய ஆந்திராவில் இருக்கும் ஸ்டூவர்ட்புரம் அப்படி ஒன்று. சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவ அமைப்பு அதை நடத்தியது. அங்கிருந்த எருகுல மக்கள் சீராலா புகையிலைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார்கள். பம்பாய் மாகாணத்தில் சோலாப்பூர் குடியேற்றத்து மக்கள் பஞ்சாலைகளில் வேலை செய்தார்கள். இடத்தை விட்டுப் போனால் சிறை என்ற நிலையில் இருக்கும் தொழிலாளி கூலி உயர்வு கேட்பாரா, வேறு வேலை தேடுவாரா? 'சீர்திருத்தம்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். முதலாளிக்குக் கிடைத்தது வேலையை விட்டு ஓட முடியாத கூலிப்படை.

கையேடு கற்றுக்கொடுத்த வேஷம்

தொடரின் மையத் திருப்பத்தைப் புரிந்துகொள்ள இன்னொரு வகை எழுத்தையும் பார்க்க வேண்டும். 1892இல் முல்லாலி என்ற காவல் அதிகாரி, சென்னை மாகாணத்தின் 'குற்ற வகுப்பினர்' பற்றி ஒரு கையேடு எழுதினார். 1908இல் பம்பாய் மாகாணத்துக்கு கென்னடி என்ற அதிகாரி எழுதினார். எந்தச் சமூகம் எங்கே வாழும், எப்படி உடுக்கும், என்ன ரகசிய மொழி பேசும், எந்த ஆயுதத்தோடு எந்த முறையில் திருடும் என்றெல்லாம் அத்தியாயம் அத்தியாயமாக வரும். காவலர் இதைப் படித்துத் தேறினால் போதும். களவு நடந்த வீட்டைப் பார்த்தவுடன் சாதியின் பெயரைச் சொல்லிவிடலாம்.

தொடரில் வரும் ஓய்வுபெற்ற அதிகாரி, நடமாடும் கையேடு. உள்ளாடையும் எண்ணெயும் பார்த்ததும் அவர் மனதில் அத்தியாயம் திறந்துகொள்கிறது. இந்த இடத்தில் தொடர் ஒரு முக்கியமான உண்மையைத் தொட்டிருக்கிறது. கையேடு போலீசுக்கு மட்டும் தெரிந்ததல்ல, ஊருக்கே தெரியும். ஆகவே எவரும் அந்த வேஷத்தைப் போட்டுக்கொள்ளலாம். போட்டுக்கொண்டால் சந்தேகம் எங்கே போகும் என்பதும் முன்கூட்டியே தெரியும். குடிசைப் பகுதியில் ஆட்களை அள்ளிக்கொண்டிருக்கும் நேரத்தில் உண்மையான கொலையாளிகள் அடுத்த வீட்டைத் தேடிப் போகிறார்கள். சாதியை வைத்துத் துப்புத் துலக்குவது அநீதி என்பதோடு, அது துப்பறியும் வேலையையே கெடுக்கிறது. பாதுகாப்பு வேண்டும் என்று கேட்கும் நடுத்தர வர்க்கத்துக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டிய வாதம் இது.

கொலைகளின் பின்னால் இருக்கும் பெண்ணையும் மறந்துவிடக் கூடாது. வசதியான பெண்களுக்கு ஒப்பனை செய்து, அவர்களுடைய வாழ்க்கையை நெருங்கிப் பார்த்து, தனக்கும் அது வேண்டும் என்று ஏங்குகிறவள். தில்லோத்தமா ஷோம் அந்தப் பாத்திரத்தைப் பயமும் பரிதாபமும் கலந்து நடித்திருக்கிறார். ஏற்றத்தாழ்வு நிறைந்த நகரம் அவளை எப்படி உருவாக்கியது என்று காட்டத் தொடர் நேரம் ஒதுக்குகிறது. அது சரியே. ஆனால் கணக்குப் பாருங்கள். குற்றம் செய்தவளுக்கு ஒரு கடந்த காலமும் கனவும் கிடைக்கின்றன. குற்றம் செய்யாமல் அடிபட்டவர்களுக்கு அவை கிடைக்கவில்லை. அவர்கள் கதையின் முதல் பாதிக்குத் தேவைப்பட்டார்கள். உண்மை வெளிவந்ததும் அவர்களுடைய குடிசைகளில் என்ன நடந்தது, போன வேலை திரும்பக் கிடைத்ததா, அடித்தவர்கள் மீது வழக்கு வந்ததா என்ற கேள்விகள் கதைக்கு வெளியே நின்றுவிடுகின்றன. நல்ல அதிகாரி ஒருவரின் மனச்சாட்சிப் போராட்டமாக முடிவதால், பார்வையாளரான நமக்கும் எல்லாம் சரியாகிவிட்டது போலத் தோன்றுகிறது.

சட்டம் போனது, பெயர் மாறியது

சென்னை மாகாணம் 1947இலேயே குற்றப் பரம்பரைச் சட்டத்தை ரத்து செய்தது. மக்கள் நடத்திய நீண்ட போராட்டத்தின் பலன் அது. ஆனால் அடுத்த ஆண்டே, 1948இல், இதே மாகாணத்தில் வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று வந்தது. அகில இந்திய அளவில் அனந்தசயனம் அய்யங்கார் தலைமையிலான குழு 1949இல் அமைக்கப்பட்டு, அதன் பரிந்துரையை அடுத்து 1952 ஆகஸ்ட் 31 அன்று சட்டம் நீங்கியது. மற்ற மாநிலங்களும் ஒவ்வொன்றாக வழக்கமான குற்றவாளிகள் சட்டங்களைக் கொண்டுவந்தன. சட்டப் புத்தகத்தில் 'பரம்பரை' என்ற சொல் போய், 'வழக்கமான' என்ற சொல் வந்தது. ஒரு சமூகத்தின் பெயர் நீங்கி, தனிமனிதர் பெயர் வந்தது. காகிதத்தில் அது பெரிய மாற்றம்தான். ஆனால் காவல் நிலையத்தில் பதிவேட்டை எழுதியவரும் மாறவில்லை, அவர் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதும் மாறவில்லை. குற்றம் எதுவும் நடக்காமலேயே, நடக்கக்கூடும் என்று சொல்லி நன்னடத்தைப் பிணை கேட்கும் பிரிவுகள், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 109, 110 என்று இருந்தன. இன்று பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 128, 129 என்று இருக்கின்றன.

1998 பிப்ரவரியில் மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்டத்தில் புதன் சபர் என்ற கேரியா சபர் இளைஞர் காவலில் வைத்து அடிக்கப்பட்டு இறந்தார். மகாசுவேதா தேவியும் சபர் மக்களின் அமைப்பும் கல்கத்தா உயர் நீதிமன்றம் வரை போனார்கள். நீதிமன்றம் குடும்பத்துக்கு இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அந்தக் கதையை அகமதாபாத்தின் சாராநகர் இளைஞர்கள் நாடகமாக்கினார்கள். சாராக்களும் பட்டியலில் இருந்த சமூகம். அவர்களுடைய குழுவின் பெயரே 'புதன் தியேட்டர்' ஆனது. போலீஸ் எழுதிய கதைகள் சூழ்ந்த இடத்தில் தங்கள் கதையைத் தாங்களே சொல்லத் தொடங்கினார்கள்.

நமக்கு அருகிலும் உதாரணம் உண்டு. 2021இல் வந்த 'ஜெய் பீம்' படத்தின் தொடக்கக் காட்சியை யாரும் மறந்திருக்க முடியாது. சிறை வாசலில் வெளியே வருபவர்களிடம் சாதி கேட்கப்படுகிறது. சிலர் வீட்டுக்குப் போகிறார்கள். சிலர் நிலுவை வழக்குகளைக் கணக்குத் தீர்ப்பதற்காக மறுபடி ஜீப்பில் ஏற்றப்படுகிறார்கள். படத்தில் இருளர் சமூகம் காட்டப்பட்டது. அதற்கு அடிப்படையான 1993ஆம் ஆண்டு ராஜாக்கண்ணு வழக்கில் பாதிக்கப்பட்டவர்கள் குறவர் சமூகத்தினர். உப்பு சுமந்த மக்களின் வழித்தோன்றல்களை, ரயில் வந்து 137 ஆண்டுகள் கழித்தும் அந்தப் பட்டியல் துரத்திக்கொண்டிருந்தது.

ஒரே பட்டியல், வேறு வேறு எதிர்காலம்

இதில் நாம் பேசத் தயங்கும் பகுதியும் உண்டு. சென்னை மாகாணப் பட்டியலில் குறவர்கள் இருந்தார்கள். வேப்பூர்ப் பறையர்கள் இருந்தார்கள். பிரமலைக் கள்ளர் போன்ற சமூகங்களும் இருந்தன. அன்று எல்லாரும் ஒரே ரேகைத் தாளில் விரல் பதித்தார்கள். பிறகு வந்த ஆண்டுகளில் நிலமும் எண்ணிக்கையும் அரசியல் செல்வாக்கும் இருந்தவர்கள் அந்த நிழலிலிருந்து பெருமளவு வெளியே வந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் தலித் மக்கள் மீது ஆதிக்கம் செலுத்தும் இடத்தில் இன்று நிற்பதை மறைக்க வேண்டியதில்லை. பெருங்காமநல்லூரில் செத்தவர்களுக்கு நாம் அஞ்சலி செலுத்துவது உண்மையானது. அதே அளவு உண்மை, அந்த நினைவைச் சொந்தம் கொண்டாடுகிறவர்கள் சேரி மீது கல் எறிய முடியாது என்று நாம் சொல்வதும்.

வெளியே வர முடியாதவர்கள் நிலமற்றவர்கள், சிதறி வாழ்பவர்கள், எண்ணிக்கை குறைந்தவர்கள். அவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பும் சீராக இல்லை. குறவன் என்ற பெயர் தமிழகத்தில் பட்டியல் சாதியில் இருக்கிறது. குறவரின் பல உட்பிரிவுகளோ சீர்மரபினர் பட்டியலில் இருக்கின்றன. சாதிச் சான்றிதழில் சீர்மரபினர் என்று இருப்பவர், எத்தனை சாதி வெறியோடு தாக்கப்பட்டாலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட முடியாது. ஒரே தெருவில், ஒரே காவலரிடம் அடி வாங்கிய இரண்டு பேருக்கு இரண்டு விதமான சட்டம். களத்தில் எங்கள் வேலையை அடிக்கடி முடக்கிப் போடுவது இந்தச் சான்றிதழ் சிக்கல்தான். 2008இல் ரெங்கே ஆணையமும் அதன் பிறகு இதாதே ஆணையமும் அறிக்கை கொடுத்தன. எந்தப் பட்டியலிலும் சரியாகச் சேர்க்கப்படாத சமூகங்கள் இன்னும் காத்திருக்கின்றன.

2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு கொடுத்தது. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடர்ந்த வழக்கு அது. சிறைக்குள் சாதி பார்த்து வேலை பிரிப்பதும் அறை பிரிப்பதும் அரசமைப்புக்கு எதிரானது என்று நீதிமன்றம் சொன்னது. சிறை விதிகளில் சீர்மரபினரை வழக்கமான குற்றவாளிகளாகக் காட்டும் வரையறைகளையும் அது கடுமையாகக் கண்டித்தது. அந்தச் சமூகங்களைச் சேர்ந்தவர்கள் காரணமின்றிக் கைது செய்யப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று காவல்துறைக்கு உத்தரவிட்டது. சட்டம் நீங்கி 72 ஆண்டுகள் கழித்தும் நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் இதைச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், பட்டியல் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

பார்ப்பதும் செய்வதும்

தோழர்களே, குற்றக் கதைகளைப் பார்க்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நாங்களும் பார்க்கிறோம். நகரத்தின் ஏற்றத்தாழ்வையும் காவல் நிலையத்தின் உள்ளறையையும் வேறு எந்த வகைக் கதையும் இவ்வளவு நெருங்கிக் காட்டுவதில்லை. ஆனால் பார்க்கும்போது சில கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்வோம். கதை யாருடைய ஜீப்பிலிருந்து தெருவைப் பார்க்கிறது? சந்தேகிக்கப்படுகிறவருக்கு வீடு, குடும்பம், பேச்சு இருக்கிறதா, முகம் மட்டும்தானா? அடி விழும்போது கேமரா அடிப்பவரின் சங்கடத்தைக் காட்டுகிறதா, அடிபடுகிறவரின் வலியைக் காட்டுகிறதா? நிரபராதி என்று தெரிந்த பிறகு அவருக்காகக் கதை எத்தனை நிமிடம் நிற்கிறது? கல்லூரி வாசிப்பு வட்டங்களில் இந்தத் தொடரைப் போட்டுக் காட்டி, 'ஜெய் பீம்' படத்தோடும் புதன் தியேட்டர் நாடகங்களோடும் ஒப்பிட்டு விவாதிக்கலாம்.

திரைக்கு வெளியே செய்ய வேண்டியது இன்னும் தெளிவானது. உங்கள் பகுதியில் திருட்டு நடந்து, குறவர் குடியிருப்பிலோ இருளர் குடியிருப்பிலோ ஆட்களை அழைத்துப் போனார்கள் என்று தகவல் வந்தால், அன்றைக்கே காவல் நிலையத்துக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள், முடிந்தால் ஒரு வழக்கறிஞரோடு போங்கள். கைதுக் குறிப்பு எழுதப்பட வேண்டும், குடும்பத்துக்குத் தகவல் தரப்பட வேண்டும், மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும் என்பதெல்லாம் 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதிகள். 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசமைப்பின் 22ஆவது பிரிவு. காவலில் இருக்கும் எவருக்கும், சான்றிதழில் எந்தச் சாதி இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. அதற்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். காவல் நிலையங்களில் கேமரா வைத்து, பதிவைக் குறைந்தது ஓராண்டு பாதுகாக்க வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அந்தப் பதிவு வேண்டும் என்று தேதி, நேரம் குறிப்பிட்டு உடனே மனுக் கொடுங்கள்.

மனுவில் ஒரு கேள்வியைக் கட்டாயம் சேருங்கள். அவர் செய்யவில்லை என்று நாம் நிரூபிக்கப் போக வேண்டாம். அந்தச் சுமை நம்முடையதல்ல. இந்தத் திருட்டுக்கு இந்த ஆளை எந்தச் சாட்சியத்தின் அடிப்படையில் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் கேளுங்கள். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.